கதை சொல்லும் ஊர்திகள்

தேர்வு முடிந்த மறுநாளே சால்ட் லேக்கிலுள்ள நிக்கோ பூங்காவுக்கோ சயன்ஸ் சிட்டிக்கோ புறப்பட்டுவிடுவது நம் தமிழ் மாணவர் வழக்கம். இரண்டில் எது உயர்ந்தது என்ற வாதம் விடுதி உணவுக்கூடத்தில் சாம்பாரோடு தொடங்கி, மோர் வந்த பின்னும் முடிவதில்லை. நண்பர்களே, அவ்வாதத்தில் என் பங்கை இங்கே வைக்கிறேன்.

நிக்கோ பூங்கா 1991இல் திறக்கப்பட்டது. அங்குள்ள 'சைக்ளோன்' என்னும் மரச்சட்ட ரோலர் கோஸ்டரில் கதை ஏது என்பர் சிலர். உண்டு என்பேன். சங்கிலி நம் வண்டியைக் 'கடக் கடக்'கென்று உச்சிக்கு இழுக்கும் அந்தச் சிறு பொழுதே கதை. அங்கே சேர்த்த நிலையாற்றல் இயக்க ஆற்றலாய்க் கொட்டத் தொடங்கியதும் கதை முடிந்தது; மிச்சம் கூச்சல்தான். பௌதிக மாணவன் வேறெப்படிப் பேசுவான் என்று சிரிக்க வேண்டாம்.

இருட்டில் ஊர்தியைச் செலுத்திக் காட்சி காட்சியாய்க் கதை சொல்வது வேறு கலை. அமெரிக்காவின் டிஸ்னிலாந்தில் 1967இல் வந்த கடற்கொள்ளையர் சவாரியில், படகு திடீரென்று அருவியில் சறுக்கி இறங்குமாம். காட்சிக்கூடம் பூங்காவைச் சுற்றியோடும் ரயில்பாதைக்கு அப்பால் இருக்கிறது. பாதையின் அடியில் நுழைந்தாக வேண்டும். அந்த இடநெருக்கடியையே கதையின் வாயிலாக்கிவிட்டார்கள்! 1969இல் வந்த பேய் மாளிகையிலோ இருக்கையே நம்மைத் திருப்புகிறது. காண வேண்டியதன் பக்கம் முகம் போகும். மற்றதையெல்லாம் இருக்கையின் பக்கச்சுவர் மறைத்துவிடும். சினிமாவில் காமிரா செய்வதை இங்கே நாற்காலி செய்கிறது.

நம் சயன்ஸ் சிட்டியில் உயிர்களின் பரிணாமத்தைக் காட்டும் இருட்டுச் சவாரியும் இந்த இனமே. சென்ற ஆண்டு, பூசை தொடங்கும் வாரத்தில், ஊரிலிருந்து வந்த அம்மாவை அங்கே அழைத்துப் போனேன். அம்மா தமிழன்றி வேறு மொழி அறியார். ஹௌராவில் இறங்கியது முதல் எல்லாவற்றுக்கும் நானே துபாஷி. "ஊமையாயிட்டேன்டா" என்று இரண்டாம் நாளே வருந்தினார். ஊர்தி நகர்ந்ததும் வழக்கம்போல் விளக்க வாயெடுத்தேன். "சும்மா இரு, தெரியுது" என்று அடக்கிவிட்டு, எதிர்ப்பட்ட உயிர்களுக்கெல்லாம் அவரே பெயர் வைத்துக்கொண்டு வந்தார். டைனோசருக்கு வைத்த பெயர் யாளி. அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் என் வாக்கு இவ்விரண்டுக்கும் அன்று. துர்க்கா பூசைப் பந்தலுக்கே! 2021இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்த விழா அல்லவா? ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு மூங்கிலாலும் துணியாலும் கட்டி, சில நாளில் பிரித்துவிடுகிறார்கள். குறுகிய வழி, மங்கிய ஒளி, ஒரு திருப்பம், பிறகு சட்டென்று தேவியின் முகம். நம் கோயில்களில் வெயிலிலிருந்து கோபுரம் நுழைந்து, பிராகாரம் கடந்து, கருவறை விளக்கொளியைக் காண்கிறோமே, அதே வித்தை! இங்கே ஊர்தி ஏது? கூட்டந்தான் ஊர்தி. பக்கச்சுவரும் இல்லை.

ஒரு பந்தலில் அம்மாவின் பக்கத்தில் நின்ற வங்கப் பாட்டி, தேவியைக் காட்டி ஏதோ சொன்னார். அம்மா தமிழில் பதில் சொன்னார். அவர் மறுபடியும் வங்கத்தில்; இவர் மறுபடியும் தமிழில். தொண்டர் விசிலடித்து நகர்த்தும்வரை பேச்சு ஓயவில்லை.

வெளியே வந்ததும், "அவங்க என்ன சொன்னாங்கன்னு கேட்கலையேம்மா?" என்றேன்.

"மக வரலையாம்டா இந்த வருஷம்," என்றார் அம்மா.