கடைசிப் பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது?

போன வருஷம் என் பேத்திக்கு ஐந்து வயது நிறைந்தது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இரண்டு அரசுப் பள்ளிகள். ஊருக்குள் இருப்பது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. 38 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள். மெயின் ரோட்டில் இருப்பது எட்டாம் வகுப்பு வரையுள்ள நடுநிலைப் பள்ளி. 200 பிள்ளைகளுக்கு மேல், புதுக் கட்டடம், ஸ்மார்ட் வகுப்பறை.

“எதுல சேர்க்கலாம் அத்தை? நீங்க டீச்சரா இருந்தவங்க, நீங்களே சொல்லுங்க” என்று மருமகள் கேட்டாள்.

1982-ல், எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிய அதே வருஷம் வேலையில் சேர்ந்து, 34 வருஷம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளோடு இருந்தவள் நான். ஆனாலும் அவளுக்கு உடனே பதில் சொல்லவில்லை. “ரெண்டையும் போய்ப் பார்த்துட்டு வருவோம், வா” என்றேன்.

நம் ஊர்களில் பள்ளிக்கூடத்தைப் பெரும்பாலும் காதால்தான் பார்க்கிறோம். “அங்கே நல்லா சொல்லித் தர்றாங்களாம்”, “இங்கே கவனிக்கவே மாட்டாங்களாம்.” இந்த ‘ஆம்’ எல்லாம் அடுத்தவர் வாயிலிருந்து வந்தது. ஒரு புடவை எடுக்கக்கூட நாலு கடை ஏறி, துணியை விரித்துப் பார்க்கிறோம். பிள்ளை ஐந்து வருஷம் உட்காரப்போகிற வகுப்பறையை ஒரு காலை நேரமாவது நேரில் பார்க்க வேண்டாமா?

புத்தகம், சீருடை, மதியச் சாப்பாடு, முட்டை எல்லாம் இரண்டு பள்ளியிலும் ஒன்றுதான். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவும் இரண்டிலும் உண்டு. அதனால் என்ன கிடைக்கிறது என்று ஒப்பிட்டுப் பயனில்லை. கிடைப்பதை அங்கிருப்பவர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் மெயின் ரோட்டுப் பள்ளிக்குப் போனோம். தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டோம். மரியாதையாக அழைத்துப் போய்க் காட்டினார். கழிப்பறை சுத்தமாக இருந்தது. கதவில் தாழ்ப்பாள், உள்ளே தண்ணீர், வாளி, மக். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். தாழ்ப்பாள் இல்லாத பள்ளியில் பெண் பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காலையில் நிறைத்துக் கொடுத்த பாட்டில் சாயங்காலம் அப்படியே வீடு திரும்பும். அடிவயிற்றில் வலியோடு இருக்கிற பிள்ளைக்கு எந்தப் பாடம் ஏறும்?

ஆனால் அங்கே கதைப் புத்தகங்கள் பீரோவில் பூட்டியிருந்தன. கண்ணாடி வழியே பார்த்தால் ஒரு முனைகூட மடங்காமல் புத்தம் புதிதாக இருந்தன. ஒன்றாம் வகுப்பு நோட்டுகளைப் புரட்டினேன். ஒரு பிள்ளை ‘மழை பெய்தது’ என்பதை ‘மலை பெய்தது’ என்று ஐந்து தரம் எழுதியிருந்தது. ஐந்துக்கும் சிவப்பு மையில் ‘சரி’ போட்டிருந்தது.

அடுத்து ஊர்ப் பள்ளி. ஓட்டுக் கட்டடம், வாசலில் வேப்பமரம். சுவரோரம் நைலான் கயிறு கட்டி, துணி காயப்போடுவதைப் போலக் கதைப் புத்தகங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் அட்டை கிழிந்து, ஒட்டுப் போட்டவை. ஒரு நோட்டில் அதே ‘மலை’. அதைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் டீச்சர் பேனாவால் ஒரு மேகமும் நாலு துளியும் வரைந்து, ‘மழை’ என்று எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தில் பிள்ளை தானாகச் சரியாக எழுதியிருந்தது.

மருமகளுக்கு ஒரு தயக்கம். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். “தனித்தனி வகுப்பே இல்லையே அத்தை?” என்றாள். கேட்க வேண்டிய கேள்விதான். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். ஐந்து வகுப்பை இரண்டு பேர் பங்கிட்டால் இப்படித்தான் அமையும். 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமே வகுப்பைப் பார்க்காமல், பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறது. கலந்து உட்காருவது குறையில்லை. “ஒருத்தர் லீவு போட்டால் என்ன செய்வீர்கள்?” என்றுதான் சின்னப் பள்ளியில் கேட்க வேண்டும். நாங்கள் கேட்டோம். “அன்னைக்குச் சிரமம்தாம்மா” என்று மறைக்காமல் சொன்னார் டீச்சர்.

பேசிக்கொண்டே அவர் உட்கார்ந்திருந்தது தரையில். எதிரே ஒரு பையன். மற்றவர்கள் கழித்தல் கணக்குப் போட, அவன் மட்டும் புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தான். ஒன்பதில் தடுமாறினான். டீச்சர் எங்கள் பேச்சை நிறுத்திவிட்டு, அவன் பத்தாவது கொட்டையை எடுத்து வைக்கும்வரை காத்திருந்தார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் நன்றாகப் படிக்கிறவர்களை முன்னால் உட்கார வைத்தேன். எழுத்தே வராத ஒரு பையனைக் குடம் கொடுத்துத் தண்ணீர் எடுத்துவர அனுப்பினேன். ஆய்வு நன்றாக முடிந்தது. அதன்பின் அவன் மெல்ல மெல்ல நின்றுபோனான். ஆடு மேய்க்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இருபது வருஷம் கழித்துத் தன் மகளைச் சேர்க்க என்னிடமே வந்தான். “டீச்சர்” என்று கையெடுத்துக் கும்பிட்டான். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடத் தெரியாமல் கட்டைவிரலை நீட்டினான். மை டப்பாவை நான்தான் திறந்து கொடுத்தேன். அந்த ரேகையை இன்றும் மறக்க முடியவில்லை.

அதிலிருந்து நான் கற்றதைத்தான் பெற்றோர்களுக்குச் சொல்கிறேன். வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளையை வைத்துப் பள்ளியை எடை போடாதீர்கள். அது எங்கே போட்டாலும் படிக்கும். எல்லோருக்கும் பின்னால் நிற்கிற பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது, டீச்சர் அதனிடம் எந்தக் குரலில் பேசுகிறார் என்று பாருங்கள். காய்ச்சலில் பத்து நாள் படுத்து எழுந்தால் உங்கள் பிள்ளையும் ஒருநாள் அந்த இடத்தில்தான் இருக்கும்.

இதனால் சின்னப் பள்ளியெல்லாம் நல்லது, பெரிய பள்ளியெல்லாம் மோசம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் ஊரில் நேர்மாறாக இருக்கலாம். எங்கள் ஊர்ப் பள்ளியிலும் பெரிய குறை ஒன்று இருந்தது. பெண் பிள்ளைகள் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஒரு சிறுமி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி நடக்கையில் மருமகள்தான் பேச்செடுத்தாள். “அந்தப் பையனுக்காக டீச்சர் நம்மளை நிறுத்தி வச்சாங்களே அத்தை, அவங்ககிட்டயே விடலாம். தாழ்ப்பாளை நாம பார்த்துக்கலாம்.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். பலர் அந்தக் கூட்டத்துக்குப் போவதில்லை. மருமகள் போனாள். குழுவில் சேர்ந்த பிறகு அவள் எழுந்து பேசிய முதல் பேச்சே கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பற்றித்தான். தீர்மான நோட்டில் எழுதினார்கள். அடுத்த கூட்டத்துக்குள் தாழ்ப்பாள் வந்தது.

சாயங்காலம் பேத்தி வந்ததும், “அப்பத்தா, இன்னைக்குக் கதை புத்தகம் எடுத்துட்டு வந்திருக்கேன்” என்று பையைத் திறப்பாள். எனக்குக் கதையும் வேண்டும்தான். ஆனால் முதலில் என் கை போவது அவள் தண்ணீர் பாட்டிலுக்கு. தூக்கிப் பார்ப்பேன். காலியாக இருக்கும்.