அழுகண்ணி

எங்கள் மதரசாவில் ஓதும் மாணவன் ஒருவன், சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் குன்னூர்ப் பக்கத்திலுள்ள தன் ஊருக்குச் சென்று கோவை திரும்புகையில், ஒரு சிறு செடியை ஈர மண்ணோடு தகர டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தான். ஒரு சாண் உயரங்கூட இல்லை. பிறை வடிவான சிற்றிலைகள். அவற்றில் சிவந்த மயிர்கள். ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு துளி.

"இது பூச்சி தின்னுங்க, ஹஜ்ரத்" என்றான். மலைப் புல்வெளியிலிருந்து பெயர்த்து வந்ததற்காக அவனைக் கடிந்துகொண்டேன். ஆயினும் விடுதி வராந்தாவில் அதற்கோர் இடம் கொடுத்தேன்.

இவ்வினச் செடிகளுக்கு அழுகண்ணி என்று தமிழில் பெயர். ஆங்கிலத்திலோ ஞாயிற்றின் பனி என்று பொருள்படும் பெயர். வெயில் ஏறிய பின்னரும் துளி உலராது நிற்பதைக் கண்டு இட்டது போலும். அரபியில் 'நதா' என்னும் சொல் பனித்துளியையும் கொடையையும் ஒருங்கே குறிக்கும். இச்செடியின் துளி கொடைக்கு ஆனதன்று, அது பசை. ஒட்டிய கொசு திமிறத் திமிற, மயிர்கள் வளைந்து அதனை மூடிக்கொள்ளும். பின்னர் ஒரு நீர் சுரந்து அதன் உடலைக் கரைக்கும். சதுப்பு மண்ணில் கிடைக்காத தழைச்சத்தைச் செடி இவ்விதம் தேடிக்கொள்கிறது. சார்லஸ் டார்வின் 1860இல் இங்கிலாந்தில் இதன் இனமொன்றைக் கண்டு வியந்து, 1875இல் ஊனுண்ணிச் செடிகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

இவ்வளவும் படித்தறிந்த நான் செய்ததைக் கேளுங்கள். மேகம் விலகிய ஒரு நாள், பையன் பாடத்தில் இருக்கையில், செடிக்கு வெயில் நல்லதென்று எண்ணி டப்பாவை மொட்டை மாடியில் வைத்தேன். ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரையும் தாராளமாக ஊற்றினேன். அஸருக்குப் பின் ஏறிப் பார்த்தால் ஒரு துளியும் இல்லை. இலைகள் கருகிச் சுருண்டிருந்தன. ஓசைப்படாமல் டப்பாவைப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன்.

தான் தண்ணீர் ஊற்ற மறந்ததால்தான் வாடிற்று என்று பையன் அழுதான். இரண்டு நாள் நான் வாய் திறக்கவில்லை. ஐம்பது வயதைக் கடந்த ஆசிரியனுக்குப் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் தவற்றை ஒப்புக்கொள்வது அத்துணை எளிதாயில்லை. மூன்றாம் நாள் சொன்னேன். அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான்; ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் சில நாள், கேட்டதற்கு மட்டும் விடை சொன்னான்.

தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரை அழைத்துவந்து காட்டினேன். "இதற்கு வெயில் பகையன்று. மூடுபனியில் வளர்ந்ததைத் திடீரென்று உச்சி வெயிலில் வைத்ததுதான் பிழை" என்றார். கருகிய இலை மீளாது. புதிது வந்தால் உண்டு. வெளிச்சமுள்ள நிழலில் வைத்து, அடித்தட்டில் மழைநீர் மட்டும் ஊற்ற வேண்டும், உப்பு நீர் இதற்கு நஞ்சு, எருவும் ஆகாது. தேறினால் காலை இளவெயிலைச் சிறிது சிறிதாகப் பழக்கலாம். அன்று முதல் தகரக் கூரையிலிருந்து வழியும் மழைநீரைப் புட்டிகளில் பிடித்துவைத்தோம்.

அக்டோபரில் எஞ்சிய தண்டும் காய்ந்தது. "இனி நீரை நிறுத்துங்கள். மழைக்காலம் போனால் இந்த வகை, மண்ணுக்குள் பட்டாணியளவு கிழங்காய் உறங்கும், கிழங்குக்குச் சேதமில்லையென்றால் பிழைக்கும்" என்றார் நண்பர். பையன் நம்பவில்லை. உண்மையில் நானும் முழுதாக நம்பவில்லை. வெறும் மண்ணை எட்டு மாதம் நிழலில் காப்பது விளையாட்டா? விடுதிச் சமையற்காரர் இருமுறை அதைக் கொட்டப் போனார்.

இவ்வாண்டு ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு சாரல் வந்தது. மண்ணை நனைத்து வைத்தேன். பத்து நாள் கழித்து ஊசிமுனை போல் ஒரு முளை. பின்னர் ஓர் இலை. அதில் ஒரு துளி. பையன் விடுமுறையில் ஊரிலிருந்தான். தொலைபேசியில் சொன்னேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "நீங்க எதுவும் செய்யாதீங்க ஹஜ்ரத். நான் வந்து பாத்துக்கிறேனுங்க" என்றான்.