எட்டு விநாடி மூச்சு

இலண்டன் மாநகரின் வடபகுதியில் ஹைபரி நியூ பார்க் என்றொரு தெரு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் ஆலயம் ஒன்றின் துணைக்கூடமாக எழுப்பப்பட்ட கோத்திக் பாணிக் கட்டடம் ஒன்று அத்தெருவில் நிற்கிறது. நம் பங்குகளில் ஆலயத்தை ஒட்டிச் சமூகக்கூடம் கட்டி வைத்திருக்கிறோமே, ஏறக்குறைய அதைப் போன்றது. காலம் மாறியது, கூடம் வெசெக்ஸ் என்னும் பெயரில் ஒலிப்பதிவு நிலையமாயிற்று. பின்னாளில் அதுவும் போய்க் குடியிருப்பாகிவிட்டது. 1969ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அக்கூடத்திற்குள் ஐந்து இளைஞர்கள் புகுந்தனர். மூத்தவருக்கு வயது 27, இளையவருக்கு 21. அவர்கள் பதிவு செய்த இசைத்தட்டே அக்டோபர் 10ஆம் நாள் வெளிவந்த 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்'. கிரிம்சன் மன்னனின் அவையில் என்று பொருள் கொள்ளலாம். குழுவின் பெயர் கிங் கிரிம்சன். அவர்களுக்கு அதுவே முதல் இசைத்தட்டு.

ராக் இசையைப் பற்றி இம்மாத இதழில் ஒரு குருவானவர் எழுதுவதா என்று வாசகர் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். உயர்த்தட்டும். அவர்களுக்கு மறுமொழி கட்டுரையின் போக்கிலேயே கிடைக்கும்.

அந்த ஐவரில் கிட்டார் வாசித்த ராபர்ட் ஃபிரிப்பின் வரலாறு சுவையானது. இங்கிலாந்தின் தென்கரைப் பகுதியில் மைக்கேல் ஜைல்ஸ், பீட்டர் ஜைல்ஸ் என்னும் சகோதரர் இருவர், பாடவும் ஆர்கன் வாசிக்கவும் தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தனர். ஃபிரிப்புக்குப் பாடவும் வராது, ஆர்கன் வாசிக்கவும் வராது. ஆயினும் போய் நின்றார், சேர்த்துக்கொள்ளப்பட்டார்! மூவரும் சேர்ந்து 1968இல் வெளியிட்ட இசைத்தட்டை வாங்குவார் இல்லை. அந்தத் தோல்வியின் சாம்பலிலிருந்துதான் புதிய குழு பிறந்தது. தாள இசைக்கு மைக்கேல் ஜைல்ஸ். பாடுவதற்கும் பேஸ் கிட்டாருக்கும் கிரெக் லேக். புல்லாங்குழல், சாக்ஸபோன், விசைப்பலகை அனைத்திற்கும் இராணுவ இசைக்குழுவில் பயின்ற இயன் மெக்டொனால்ட். ஐந்தாமவரான பீட்டர் சின்ஃபீல்ட் எந்தக் கருவியையும் வாசிக்கவில்லை. பாடல்களுக்குச் சொல் எழுதினார். மேடையில் ஒளி விளக்குகளை இயக்கினார்.

1969 ஜனவரியில் ஓர் உணவகத்தின் நிலவறையில் ஒத்திகை தொடங்கினர். ஜூலை 5ஆம் நாள் இலண்டன் ஹைட் பூங்காவில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் நடத்திய இலவச நிகழ்ச்சியில், இலட்சக்கணக்கானோர் முன்னிலையில் வாசித்தனர். ஆறே மாதத்தில் நிலவறையிலிருந்து பெருவெளிக்கு! தேர்ந்த தயாரிப்பாளர் ஒருவரோடு செய்த முதல் முயற்சிகள் மனத்திற்கு இசையாமற் போகவே, அனுபவமற்ற அவ்விளைஞர்கள் தயாரிப்புப் பொறுப்பையும் தாங்களே ஏற்றனர். எட்டுத்தடப் பதிவுக் கருவி ஒன்றே அவர்களுக்கு வாய்த்தது. ஒலியின்மேல் ஒலியாக அடுக்கி அடுக்கி, ஒரு பெரும் இசைக்குழுவே வாசிப்பது போன்ற தோற்றத்தை உண்டாக்கினர்.

இவ்விசைத்தட்டு நம் கைக்கு வந்த வழி வேறு. நமது பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் ஒரு மாலை ஆலய அலுவலகத்திற்கு வந்தார். கணவரை இழந்து ஓராண்டு நிறையாத நிலை. கல்லூரியில் பயிலும் ஒரே மகன். அடக்கத்தின்போதும் அழவில்லையாம், அதன்பின் கோவிலுக்கும் வருவதில்லை, இரவெல்லாம் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறான். அண்மையில் வீட்டுப் பீடத்திற்கு நேர் எதிர்ச்சுவரில் ஒரு படத்தை ஒட்டியிருக்கிறான். அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வந்திருந்தார். சிவந்த முகமொன்று, வாய் அகலத் திறந்து அலறுகிறது, மூக்குத் துளைகள் விரிந்திருக்கின்றன, விழிகள் எதையோ கண்டு அஞ்சிப் பக்கவாட்டில் திரும்பியிருக்கின்றன. "இது பேய்ப் பாட்டா சாமி? கிழிச்சுப் போட்டுரவா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று நாம் விடை சொல்லவில்லை. கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றோம்.

ராக் இசை சாத்தானின் இசை என்றும், தட்டைப் பின்னோக்கிச் சுழற்றினால் அலகையின் குரல் கேட்கும் என்றும் தியானக் கூட்டங்களில் முழங்கியவர்கள் உண்டு. அந்த முழக்கங்களை நம் குருமட நாட்களில் நாமும் கேட்டிருக்கிறோம். கிரிம்சன் மன்னன் என்பது பெயல்செபூலின் மாற்றுப்பெயர் என்றொரு பேச்சும் நிலவுகிறது. குருதி சிந்திய ஆட்சி எதையும் அப்பெயர் குறிக்கும் என்போரும் உளர். தீமையைப் பற்றிப் பாடுவது தீமையைத் தொழுவதாகுமா? ஆகுமெனில் இறைவாக்கினர் நூல்களில் பாதியை நாம் மூடிவைக்க வேண்டியிருக்கும்.

அம்மகனை அழைத்தோம். சிறிய ஒலிபெருக்கி ஒன்றோடு வந்தான். "கடைசிவரைக்கும் கேளுங்க ஃபாதர், அது போதும்" என்றான். ஐந்தே பாடல்கள்; ஏறத்தாழ 44 நிமிடம்.

முதற்பாடல் இருபத்தோராம் நூற்றாண்டின் மனப்பிளவு மனிதனைப் பற்றியது. படத்தில் அலறும் முகம் அவனுடையதே. பாடகனின் குரலை வேண்டுமென்றே சிதைத்து, இரும்பை இரும்பால் அறுப்பது போலாக்கியிருக்கிறார்கள். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த காலம் அது. நேபாம் என்னும் தீக்குண்டு சிற்றூர்களைக் கரியாக்கிக்கொண்டிருந்தது. பாடல் அதைப் பெயர் சொல்லியே பாடுகிறது. அவ்வாண்டு டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ மேடையில், அமெரிக்கத் துணைக்குடியரசுத் தலைவராயிருந்த ஸ்பைரோ ஆக்னியூவுக்கு இப்பாடலை ஃபிரிப் ஏளனமாகக் காணிக்கையாக்கினார். இடையில் கருவிகள் அனைத்தும் ஒரே சுரவரிசையை மின்னல் வேகத்தில் வாசித்து, திடீரென நின்று, மீண்டும் ஒருங்கே பாய்கின்றன. நான்கு பேர் ஒரே மூச்சில் நிற்பதும் தொடங்குவதும் எளிதன்று. பாடற்குழுவைப் பழக்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். இறுதியில் யாவும் கூச்சலாய்ச் சிதறுகின்றன. நமக்குக் காது வலித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் எரியும் ஊரைப் பற்றிய பாட்டு இனிமையாக இருந்திருந்தால் அதுவன்றோ பழிக்கத்தக்கது!

கூச்சல் ஓய்ந்ததும் புல்லாங்குழல். காற்றோடு பேசுகிறான் ஒருவன், காற்றுக்குக் காதில்லை. இரண்டாம் பாடல் அவ்வளவே. முதற்பாடலுக்கு அருகில் இதை வைத்தவர்கள் பேரறிவு உடையவர்கள்.

மூன்றாவது, கல்லறை வாசகம் என்று பெயர் கொண்டது. இதைத்தான் அம்மகன் இரவுதோறும் கேட்கிறான். இதைப் பேசுமுன் மெல்லோட்ரான் என்னும் கருவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் பர்மிங்காம் பகுதியில் உருவான விசைப்பலகை அது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்தநாடா. அந்நாடாவில் வயலின்களோ புல்லாங்குழல்களோ மனிதக் குரல்களோ உண்மையாகவே வாசித்த, பாடிய ஒரு சுரம் பதிந்திருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். விட்டால் தொடக்கத்திற்குத் திரும்பும். நாடாவின் நீளம் ஏறத்தாழ எட்டு விநாடி. அதற்குமேல் எவ்வளவு அழுத்தினாலும் ஒலி வராது. ஆர்கனைப்போல் முடிவின்றி நீட்ட இயலாது. விரலை எடுத்து மீண்டும் தொடங்க வேண்டும். நாடாவின் ஓட்டம் சற்றே தடுமாறுவதால் சுரமும் மெல்ல நடுங்கும். பொறியியல் நோக்கில் இது குறைபாடே. ஆயினும் அழுதுகொண்டே பாடுபவரின் குரல் நடுங்குவதும் மூச்சு முட்டி இடையில் நிற்பதும் இதில் கேட்கின்றன. மெக்டொனால்ட் அதை வாசிக்க, பெருமுரசு உருள, அதன்மேல் 21 வயது லேக்கின் தெளிந்த குரல் எழுகிறது. மனிதகுலத்தின் விதி அறிவிலிகளின் கையில் இருக்கிறது, நாளைய நாளை எண்ணி அழப்போகிறேன் என்னும் கருத்து. பாடலில் ஆறுதல் இல்லை. எதிர்பார்த்தோம், வரவில்லை.

திருப்பாடல்கள் நூலில் 88ஆம் பாடலை வாசகர்கள் எடுத்துப் பார்க்க வேண்டுகிறோம். புலம்பற்பாடல்கள் பெரும்பாலும் கண்ணீரில் தொடங்கினும் இறுதியில் நம்பிக்கைக்குத் திரும்பும். இந்த ஒன்று திரும்புவதில்லை. எபிரேய மூலத்தில் இருள் என்னும் சொல்லோடு நின்றுவிடுகிறது. அதைத் தொகுத்தவர்கள் ஒரு நல்ல வரியைச் சேர்த்து முடித்திருக்கலாம், சேர்க்கவில்லை. திருச்சபையும் அதை ஒதுக்காமல், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உறங்கப்போகுமுன் சொல்லும் செபத்தில் வைத்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக வெள்ளிதோறும் அதைச் சொல்லிவரும் நாம், ஓர் இளைஞன் தன் இருட்டில் வேறொரு புலம்பலைப் பற்றிக்கொண்டதைக் குற்றம் என்று எவ்வாறு உரைப்போம்? இதை அவனிடமும் சொன்னோம். அந்த எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டான். அப்பாவுக்கு மூச்சு நின்று நின்று வந்த கடைசி இரவைப் பற்றி அதன்பின் சிறிது பேசினான். அதை இங்கு எழுதுவது முறையன்று.

இரண்டாம் பக்கத்தின் முதற்பாடலான 'மூன்சைல்ட்' பற்றி நமக்கு நல்லெண்ணம் இல்லை. இரண்டரை நிமிட அழகிய பாடலுக்குப்பின், கிட்டாரும் வைப்ரஃபோனும் தாளமும் ஏறத்தாழ பத்து நிமிடம் ஒன்றையொன்று தேடி அலைகின்றன. மேற்கத்திய விமர்சகர் பலரும் இதைக் குறையாகவே எழுதியிருக்கின்றனர். அம்மகனோ அந்த இடம்தான் தனக்கு மிகவும் பிடித்தது என்கிறான். இருவரும் அவரவர் நிலையில் நிற்கிறோம்.

இனிப் படத்தின் வரலாறு. அதை வரைந்தவர் பாரி காட்பர், சின்ஃபீல்டின் நண்பர். கணினி நிரல் எழுதுவது அவர் தொழில். இசைத்தட்டு உறைக்கென அவர் வரைந்தது இது ஒன்றே. முன்பக்கத்தில் குழுவின் பெயரோ தட்டின் பெயரோ இல்லை. அலறும் முகம் மட்டுமே. 1970 பிப்ரவரியில், இருபதுகளின் நடுவிலேயே, அவர் மாரடைப்பால் இறந்தார். உறையை விரித்தால் உட்புறத்தில் இன்னொரு முகம் இருக்கிறது. அவனே கிரிம்சன் மன்னன், புன்னகைக்கிறான். அவன் வாயை மறைத்துவிட்டுக் கண்களை மட்டும் பார்த்தால் அவற்றில் பெருந்துயரம் தெரியும் என்று ஃபிரிப் கூறியதுண்டு. அந்தத் தாய் மறுபடி வந்தபோது உட்படத்தைக் காட்டி, வாயைக் கையால் மூடிப் பார்க்கச் சொன்னோம். மூடினார். நெடுநேரம் பார்த்தார். "சிரிக்கிற மாதிரி இருக்கான், அழுத கண்ணு சாமி" என்றார். சுவரிலிருந்த படம் கிழிபடவில்லை. மகனும் இன்னும் பூசைக்கு வரத் தொடங்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இசைத்தட்டு இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை சென்றது. புராகிரசிவ் ராக் என்று பின்னர் பெயர் பெற்ற இசைவகைக்கு இதுவே தலைவாயில் என்பர். ஆனால் அதைப் படைத்த ஐவரும் ஆண்டு முடியும்வரைகூடச் சேர்ந்திருக்கவில்லை. டிசம்பரில் அமெரிக்கப் பயணத்தின்போதே மெக்டொனால்டும் ஜைல்ஸும் விலகுவதாக அறிவித்தனர். நீங்கள் இருங்கள், நான் போகிறேன் என்று ஃபிரிப் சொல்லிப் பார்த்தார், பயனில்லை. லேக்கும் 1970இல் வேறு குழுவுக்குப் போனார். எஞ்சியவர் பெயரைக் காத்துப் பல்லாண்டு நடத்தினார். லேக் 2016இலும், மெக்டொனால்ட் 2022இலும், சின்ஃபீல்ட் 2024இலும் மறைந்தனர்.

குழுவின் ஐம்பதாண்டை முன்னிட்டு டோபி ஏமீஸ் எடுத்த ஆவணப்படம் 2022இல் வெளிவந்தது. அதில் இரசிகராகத் தோன்றுவோருள் நார்வே நாட்டில் வாழும் டொமினிக்கன் சபை அருட்சகோதரி ஒருவரும் உண்டு. துறவற உடையோடு அமர்ந்து இவ்விசையின் பெருமையைப் பேசுகிறார். இச்செய்தியை அம்மகன்தான் நமக்குச் சொன்னான். சொன்னபோது சற்றே சிரித்தான். புருவம் உயர்த்திய வாசகர்கள் அச்சகோதரியிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

ஐந்தாம் பாடல் மன்னனின் அவையைப் பாடுவது. மெல்லோட்ரானின் வயலின்கள் அலையலையாய் எழுகின்றன. சொற்களற்ற பல்குரல் பாடகர் கூட்டம் அவற்றோடு சேர்கிறது. ஏழு நிமிடம் கடந்ததும் ஒரு பெருமுழக்கத்தில் யாவும் அடங்கின. முடிந்தது என்றெண்ணி நாம் எழுந்துவிட்டோம். "இன்னும் இருக்கு ஃபாதர்" என்றான். உட்கார்ந்தோம். திருவிழாக் கடைத்தெருவில் கேட்கும் விளையாட்டுக் குழலைப்போல் ஏதோ ஒன்று மெல்லிதாக அதே மெட்டை வாசித்தது. தாளம் உருண்டது, முழு இசையும் முன்னிலும் உரக்கத் திரும்பி வந்து, நடுவிலேயே அறுந்ததுபோல் நின்றது. அறையில் மின்விசிறியின் ஓசை மட்டும் இருந்தது. சாப்பிட வரச்சொல்லி அவன் தாயிடமிருந்து அழைப்பு வந்தது; ஒலிபெருக்கியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான்.