சுன்னாகம்: நிற்காமல் போகும் வான்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே ஆறு மைல் போனால் சுன்னாகம். வலிகாமம் தெற்குப் பிரதேச சபையின் தலைமைப் பணிமனை இங்கேதான். ஆனால் ஊரை அறிய வேண்டியவர் சந்தைக்குத்தான் போக வேண்டும்.

வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த வெங்காயமும் வாழைக்குலையும் மரவள்ளியும் புகையிலையும் இங்கே வந்து விலைபோயின. கூடவே பனைச் சாமான்கள்: ஒடியல், பனாட்டு, குட்டானில் பனங்கட்டி, நீத்துப்பெட்டி, சுளகு, கடகம். கடகம் இழைப்பது லேசான வேலையல்ல. ஓலையைக் காயவைத்து, ஒரே அகலத்தில் வார்ந்து, இழைத்து, பாரம் தாங்குமாறு விளிம்பை மட்டை நாரால் பொத்த வேண்டும். வீட்டுப் பெண்களின் கைக்காசு அது. பிளாஸ்டிக் கூடை வந்ததும் அந்த வருமானம் சுருங்கிப்போயிற்று.

1984 மார்ச்சில் விமானப்படையினர் சந்தையில் சுட்டதில் பொதுமக்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகும் சந்தை எழும்பி நின்றது.

எழுத்திலும் இந்த ஊருக்குப் பெயர் உண்டு. குமாரசுவாமிப் புலவர் பிறந்த மண் இது. நா. பொன்னையா 1930இல் தொடங்கிய ‘ஈழகேசரி’ பத்திரிகை இங்கிருந்துதான் வெளிவந்தது. கணேசையர் உரைக்குறிப்புகளோடு தொல்காப்பியம் அச்சேறியதும் பொன்னையாவின் அச்சகத்திலேயே.

பக்கத்திலே கந்தரோடை. முருகைக்கல்லில் கட்டிய சிறு தூபிகள் ஒரு வளவுக்குள் கூட்டமாக நிற்கின்றன. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் இங்கே அகழ்ந்து பார்த்தபோது, பெருங்கற்காலம் தொட்டே மக்கள் வாழ்ந்த தடயங்கள் கிடைத்தன.

இத்தனை இருந்தும் சுற்றுலாவால் ஊருக்கு என்ன கிடைக்கிறது? 2019இல் பலாலியில் சர்வதேச விமான நிலையம் திறந்தார்கள். 2023இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. துறைமுகத்தில் இறங்கியவர்களை நகரத்துக்கு ஏற்றிப் போகிற வான்கள் சுன்னாகச் சந்தியில் வேகத்தைக் குறைப்பதோடு சரி. கந்தரோடைக்கு வருகிறவர்களும் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அயல் வீடுகளில் ஒரு தேத்தண்ணி வியாபாரம்கூட நடப்பதில்லை. வெளியூரில் பலருக்குச் சுன்னாகத்தின் பெயர் தெரியவந்ததுகூடச் சுற்றுலாவால் அல்ல, 2019இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொன்ன, சுன்னாக மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கால்தான். இது வேதனை.

வழி தெரியாமலும் இல்லை. வடக்கில் விவசாயத் திணைக்களம் தொடக்கிவைத்த ‘அம்மாச்சி’ உணவகங்களில் பெண்கள் கண்முன்னே சமைத்து விற்கிறார்கள். உழைப்பின் காசு அவர்கள் கைக்கே போகிறது. அதுபோலச் சந்தையோடு ஓர் இடம், கடகம் இழைக்கத் தெரிந்த ஆச்சிமாருக்கு ஒரு கொட்டகை, கந்தரோடையின் கதை சொல்ல ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி: கேட்பது இவ்வளவுதான். ஆச்சிமார் இருக்கும்போதே பிரதேச சபை இதைச் செய்ய வேண்டும்.