சாம்பல் இலைகள்

பச்சையைத் தவிர வேறெதையும் செடியின் ஆரோக்கியமாக ஏற்க மறுக்கும் கண் நமக்கு. இலை வெளிறினால் வாட்டம். வாட்டத்துக்கு மருந்து தண்ணீர். ரொறன்ரோவில் வீட்டு முன்புறத்தில் வெள்ளி இலைச் செடிகள் வைத்ததிலிருந்து எனக்குச் சச்சரவெல்லாம் இந்தக் கண்ணோடுதான், குளிரோடு அல்ல.

வெள்ளி நிறம் என்று ஒன்று இவற்றில் கிடையாது. உள்ளே இலை பச்சைதான். மேலே நெருக்கமான ரோமம். அது வெயிலைத் திருப்பிவிடுகிறது, ஈரம் வெளியேறாமல் தடுக்கிறது. ஸ்டேக்கிஸ் – ஆங்கிலத்தில் ஆட்டுக்குட்டிக் காது என்பார்கள் – மழையில் நனைந்தால் அதன் பச்சை தெரிந்துவிடும். எருக்கலை இலையை விரலால் தேய்த்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நம் மரிக்கொழுந்தும் ஒரு ஆர்ட்டிமீசியாதான்.

மைனஸ் 20ஐ இவற்றில் பல தாங்கும். மேலே பனி மூடிக் கிடந்தால் இன்னும் நல்லது, அது போர்வை. கொல்வது ஈரம். மார்ச்சில் பகலில் உருகி இரவில் உறையும் நீர், எங்கள் களிமண்ணில் வடிய வழியில்லாமல் நிற்கும். தண்டும் வேரும் சேருமிடம் அழுகும். ஆகவே மண்ணை மேடாக்கிச் சரளை கலந்தேன். அடித்தண்டைச் சுற்றியும் சரளைதான். ஈரம் பிடித்துவைக்கும் மரப்பட்டைத் தூள் கூடாது. குளிருக்கு முன் கத்தரிக்கோலை எடுப்பதில்லை. காய்ந்த தண்டுகள் அப்படியே நிற்கும். வசந்தத்தில் கீழே துளிர் கண்ட பிறகே வெட்டு.

வெள்ளி இலை என்றதும் சிஸ்ஸிங்ஹர்ஸ்ட்டின் வெள்ளைத் தோட்டத்தை, வீட்டா சாக்வில்-வெஸ்ட்டை இழுப்பவர்கள் உண்டு. அழகான தோட்டம், சந்தேகமில்லை. ஆனால் எங்கள் குளிரோடு ஒப்பிட்டால் கென்ட்டின் குளிர் குளிரே இல்லை. அங்கே சௌகரியமாக வளரும் 'போவிஸ் காஸில்' ஆர்ட்டிமீசியாவை இங்கே வாங்கி நடுவது இலக்கிய அபிமானம், தோட்டவேலை அல்ல. இங்கே லூடோவீசியானா இருக்கிறது, இந்தக் கண்டத்துப் புல்வெளிகளின் செடி. வேர் ஓடிப் பரவும், அடக்கிவைக்க வேண்டும். ஆனால் லேசில் சாகாது.

அம்மாவுக்கு 83. கோடை மாலைகளில் வாளியோடு வந்துவிடுவா. "உதென்ன மோனை, நரைச்சுப்போய்க் கிடக்கு? தண்ணி காணாது." விளக்கிச் சொன்னால் கேட்டுக்கொள்வா. மறுநாள் மறுபடி வாளி. ஊரில் கிணற்றில் அள்ளி அள்ளித் தோட்டம் வளர்த்த கை. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செடிகளை இழக்கவும் மனமில்லை. மேட்டை இன்னும் அரை அடி உயர்த்தினேன். இப்போது ஊற்றுகிற தண்ணீர் நிற்காமல் சரளைக்குள் இறங்கி, கீழே நிற்கும் கத்தரிக்குப் போய்விடுகிறது. கத்தரி இந்த வருஷம் நன்றாகக் காய்க்கிறது. அம்மா அதை எனக்குச் சுட்டிக்காட்டுகிறா.