முடியாத தண்ணியும் கூடாத தண்ணியும்



இது இங்கிலீஷ் கிராமர் பற்றிய கட்டுரை. உடனே பக்கத்துச் சார்ட்டில் இருக்கிற விடுகதைக்குத் தாவிடாதீங்க. நம்ம மாவட்டத்துத் தண்ணி இல்லாமல் இந்தக் கிராமரை என்னால் சொல்ல முடியாது. அதனால் இது தண்ணியைப் பற்றிய கட்டுரையும்தான்.

ரிலேட்டிவ் கிளாஸ் எல்லாருக்கும் தெரியும். (கிளாஸ் என்றால் வகுப்பு இல்லை, பெரிய வாக்கியத்துக்குள் இருக்கிற குட்டி வாக்கியம்.) ஹூ, விச், தட், வேர் போட்டு ஒரு பெயர்ச்சொல்லை விளக்குவது. மாடல் வெர்ப்பும் தெரியும். கேன், குட், மே, மைட், வில், வுட், ஷுட், மஸ்ட். தனித்தனியாகக் கேட்டால் கடைசி பெஞ்சு கூட எழுந்து சொல்லும். ரெண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்லுங்கன்னு சார் கேட்டால் வகுப்பில் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

தமிழில் இந்த வேலையைப் பெயரெச்சம் பார்த்துக்குது. "குடிக்கக்கூடிய தண்ணி." ரெண்டே சொல். யார் குடிக்கிறது என்று தமிழ் சொல்லவே இல்லை. இங்கிலீஷில் "தி வாட்டர் தட் வீ கேன் டிரிங்க்" என்று குடிக்கிற ஆளையும் கொண்டு வந்து நிறுத்தணும். தண்ணி முதலில் வந்துடும், விளக்கம் பின்னாடி வரும். கேனுக்குப் பிறகு வெறும் டிரிங்க்தான். டிரிங்க்ஸ் கிடையாது, டு டிரிங்க்கும் கிடையாது. கடைசியில் "இட்" சேர்க்கக் கூடாது, ஏன்னா அந்தத் தட் என்பதே தண்ணிதான். சேர்த்தால் ஒரே தண்ணியை ரெண்டு தடவை ஊத்தின மாதிரி.

இதெல்லாம் மனப்பாடம் பண்ணிடலாம். எந்த இடத்தில் எந்த மாடல் என்பதுதான் மனப்பாடத்துக்கு அடங்காதது.

எங்க ஊர் பென்னாகரம் பக்கம். ஊரில் ரெண்டு அடிபம்பு இருந்தது. ஏரிக்கரைப் பம்பில் வருவது ஒரே உப்பு, வாயில் வைக்க முடியாது. மாடு கூட ஒரு வாய் வச்சுட்டுத் தலையைத் தூக்கிடுமாம். கோயில் பக்கத்துப் பம்பில் கண்ணாடி மாதிரித் தண்ணி. நிறம் இல்லை, வாசனை இல்லை, குடிச்சால் நாக்குக்கு இதமா இருக்கும். ஊரே அதைத்தான் குடிச்சது. எங்க ஆயா அந்தப் பம்பு போட்ட நாளிலிருந்து அந்தத் தண்ணியில்தான் சோறு வடிச்சது.

ஏரிக்கரைத் தண்ணி "வாட்டர் தட் வீ கேனாட் டிரிங்க்", குடிக்க முடியாத தண்ணி. கோயில் தண்ணியில் புளோரைடு இருந்தது. அது "வாட்டர் தட் வீ ஷுட் நாட் டிரிங்க்", குடிக்கக் கூடாத தண்ணி. முடியாத தண்ணி யாரையும் ஒண்ணும் செய்யலை, ஏன்னா அதை யாரும் குடிக்கலை. கூடாத தண்ணிதான் செய்தது. கேனாட்டை நாக்கே சொல்லிடும். ஷுட் நாட்டை யாராவது பரிசோதனை பண்ணிச் சொன்னால்தான் தெரியும்.

நம்ம மாவட்டத்தில் மண்ணுக்குக் கீழே கெட்டிப் பாறை. அந்தப் பாறையில் இருக்கிற சில கனிமங்களில் புளோரைடு உண்டு. தண்ணி பாறை இடுக்கில் ரொம்ப காலம் தங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக் கரைந்து சேருது. சிறு அளவு பல்லுக்கு நல்லது, அதனால்தான் பேஸ்ட்டில் சேர்க்கறாங்க. அளவு மீறினால் பிள்ளைகள் பல்லில் வெள்ளைத் திட்டும் காவிக் கறையும் வரும். வருஷக்கணக்கில் குடித்த பெரியவங்களுக்கு முதுகும் முட்டியும் விறைச்சுப் போகும். இதுக்குப் பேர் புளோரோசிஸ். காய்ச்சினால் சரியாப் போகும்னு நினைக்காதீங்க. காய்ச்சினால் தண்ணிதான் ஆவியாகும், புளோரைடு பாத்திரத்திலேயே நிற்கும்.

எங்க அக்கா என்னை விட 9 வயசு பெரியவள். சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போயிடும். ஸ்டூடியோவில் போட்டோக்காரர் "நல்லாச் சிரிம்மா"ன்னு சொன்னால் உதட்டை இன்னும் இறுக்கிக்குவா. நிலைப்பல் ஈறுக்குள்ளே உருவாகிற வயசிலேயே விழுந்த கறை அது. அப்புறம் எவ்வளவு நல்ல தண்ணி குடிச்சாலும், எத்தனை தடவை தேய்ச்சாலும் போகாத கறை.

இந்தப் "போகாத" என்ற சொல்லை இங்கிலீஷில் எழுதிப் பாருங்க. தமிழில் எதிர்மறைப் பெயரெச்சம் காலம் காட்டாது, காரணமும் காட்டாது. இங்கிலீஷ் விடாது, எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுன்னு கேட்கும். "எ ஸ்டெயின் தட் டஸ் நாட் கோ" என்றால் போகிறதில்லை. "வில் நாட் கோ" என்றால் இனிமேலும் போகாது. "தட் பிரஷ்ஷிங் கேனாட் ரிமூவ்" என்றால் தேய்த்துப் போக்க முடியாது, தேய்க்கிறவள் மேல் தப்பில்லை. அக்காவுக்காக நான் மூணாவதைத்தான் எழுதுவேன்.

இன்னொரு வேடிக்கை. "கூடிய"வுக்கு எதிர்ச்சொல் "கூடாத" என்றுதானே தோணும்? குடிக்கக்கூடிய தண்ணி என்றால் கேன். குடிக்கக் கூடாத தண்ணி என்றால் கேனாட் இல்லை, ஷுட் நாட் அல்லது மஸ்ட் நாட். "நாட்" மட்டும் சேர்த்து மொழிபெயர்த்தால் கோயில் பம்புத் தண்ணி ஏரிக்கரைத் தண்ணியா மாறிடும். அர்த்தமே இல்லாத "கூடிய"வும் ஒண்ணு இருக்கு. ஆண்டு விழா மேடையில் "இங்கே அமர்ந்திருக்கக்கூடிய பெற்றோர்களே" என்பாங்க இல்லையா, அது. அதைப் போய் "ஹூ மே பி சிட்டிங் ஹியர்" என்று எழுதினால், உட்கார்ந்திருந்தாலும் இருப்பாங்க, இல்லாட்டியும் இல்லைன்னு ஆயிடும். அங்கே மாடலே வேண்டாம், "ஹூ ஆர் சிட்டிங் ஹியர்" போதும்.

"லாம்" விஷயம் வேற. "குடிக்கலாம்" என்று வாக்கியத்தை முடிக்கலாம், ஆனால் "குடிக்கலாம் தண்ணி" என்று யாரும் சொல்றதில்லை. லாமுக்குப் பெயரெச்சம் கிடையாது. "குடிக்கலாம்ங்கிற தண்ணி" என்று சுத்தி வளைக்கணும், இல்லாட்டி கூடிய, தக்க என்று வேற சொல்லைத் தேடணும். இங்கிலீஷில் மே நேராவே உள்ளே போயிடும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012-ம் வருஷக் குடிநீர்த் தரத்தில் புளோரைடுக்கு ரெண்டு அளவு இருக்கு. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி. வேற தண்ணி கிடைக்காத இடத்தில் மட்டும் 1.5 வரை அனுமதி. அந்த ரெண்டாவது அளவுக்கு இங்கிலீஷ் "வாட்டர் தட் யூ மே டிரிங்க் இஃப் தேர் இஸ் நோ அதர் சோர்ஸ்". வேற வழி இல்லைன்னா குடிக்கலாம்.

ஒகேனக்கல் எங்க ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம். காவிரி அங்கே அருவியா விழுது, நாங்க இங்கே பம்பு அடிச்சோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டினாங்க. திட்டத்தின் முழுப் பெயரிலேயே புளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பது என்று வருது. ஜப்பான் நாட்டுக் கடன் உதவியோடு வேலை நடந்து, 2013 மே மாசம் தொடங்கி வச்சாங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் ஆத்துத் தண்ணி போகுது. நான் 2012-ல் பிறந்தேன். எனக்கு விவரம் தெரிஞ்ச நாளிலிருந்து குழாயில் வருவது அதுதான். என் பல்லில் கறை இல்லை.

இந்தத் தண்ணியை வச்சு ஒரு வாக்கியம். "தி வாட்டர் தட் குட் ஹேவ் கம் ஏர்லியர்" என்றால், முன்னாடியே வர வாய்ப்பிருந்தும் வராத தண்ணி. "தி வாட்டர் தட் ஷுட் ஹேவ் கம் ஏர்லியர்" என்றால் முன்னாடியே வந்திருக்க வேண்டிய தண்ணி. ரெண்டுமே கிராமர்படி சரி. எது வேணும்னு கிராமர் புத்தகம் சொல்லாது. ஆயா திண்ணையை விட்டு எழுந்திருக்கும்போது ரெண்டு கையையும் முட்டியில் ஊன்றி எழுந்திருக்கும். அதைப் பார்த்தால் எனக்கு ஷுட் ஹேவ்தான் வருது.

கடைசியா ஒரு குறுக்கு வழி. மாடலே போடாமல் "டு" போட்டும் எழுதலாம். "வொர்க் டு டூ" என்றால் செய்ய வேண்டிய வேலை. "வாட்டர் டு டிரிங்க்" என்றால் குடிக்கக்கூடிய தண்ணி. ஒரே டு, ஒரு இடத்தில் வேண்டிய, இன்னொரு இடத்தில் கூடிய. இது நமக்குப் புதுசில்லை. குடிநீர் வினைத்தொகைதானே? குடித்த நீர், குடிக்கின்ற நீர், குடிக்கும் நீர் என்று விரித்து மார்க் வாங்கறோம். ஆனால் பம்பு மேல் "இது குடிநீர் அல்ல" என்று எழுதினால் காலத்தையா நினைக்கிறோம்? முடியாத நீரா, கூடாத நீரா என்று அந்தச் சொல்லும் சொல்லாது. தமிழய்யா இதுக்கு என்ன சொல்வார்னு கேட்க ஆசை.

கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கேன். "தொட முடியாத வயர்", "தொடக் கூடாத வயர்", "எட்டு மணிக்கே வந்திருக்க வேண்டிய டவுன் பஸ்" இந்த மூணையும் இங்கிலீஷில் பென்சிலால் எழுதுங்க. ஆசிரியர்களும் எழுதலாம்.

பத்தாம் வகுப்பு மாணவி