அறிந்து விரும்புதல்

மோட்டார் வண்டியை விரும்பாத இளைஞர் இக்காலத்தில் அரியர். வண்டியின் பெயரையும் விலையையும் விரைவையும் விரல் நுனியில் வைத்திருக்கும் மாணவர் பலரை நான் அறிவேன். ஆயினும், ஒரு பொருளை உடைமையாகப் பெற விரும்புவது வேறு. அதனை அறிய விரும்புவது வேறு. முன்னது பொருள் கைக்கு வந்ததும் தணிந்துவிடும். பின்னது அதன் பின்னரே வளரத் தொடங்கும். இவ்வேறுபாட்டை எண்ணும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் கோவை ஜி. டி. நாயுடு.

கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். பள்ளிக் கல்வி தொடக்க வகுப்புகளோடு நின்றது. இளமையில் ஒரு நாள், ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவதைக் கண்டார். காளையும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் அவ்வண்டி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதனைப் பெற்றே தீர்வது என்று உறுதி பூண்டார், கோவைக்குச் சென்று உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலை செய்து பணம் சேர்த்தார், வண்டியையும் வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி உலா வந்ததோடு நின்றுவிடவில்லை. உறுப்பு உறுப்பாகக் கழற்றினார், ஒவ்வொன்றின் தொழிலையும் ஆராய்ந்தார், மீண்டும் பூட்டினார்.

கழற்றுவது எவர்க்கும் எளிது. மீண்டும் பூட்டுவதற்கே அறிவு வேண்டும். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து உருளைக்குள் புகுவதும், அழுத்தப்படுவதும், மின்பொறியால் பற்றி எரிவதும், எரிந்த புகை வெளியேறுவதும் ஒன்றன்பின் ஒன்றாக, காலம் தவறாமல் நிகழவேண்டும். ஒரு திருகாணி இடம் மாறினாலும் வண்டி ஓடாது. அங்கே சாக்குப்போக்குச் சொல்லித் தப்ப முடியாது. இத்தகைய கண்டிப்பான ஆசிரியரை நாயுடு இரும்பிலே கண்டார்.

1920ஆம் ஆண்டில் ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கினார். ஒரு வண்டி பலவாகப் பெருகி, பெரு நிறுவனமாயிற்று. தம் மகிழ்ச்சிக்காக வண்டி ஓட்டுபவன் நினைத்தபோது புறப்படலாம். நினைத்த இடத்தில் நிற்கலாம். பேருந்து நடத்துபவனுக்கு அவ்வுரிமை இல்லை. சந்தைக்குச் செல்லும் உழவரும், மருத்துவரை நாடிச் செல்லும் நோயாளியும், முருகனை வணங்கச் செல்லும் அடியாரும் அவன் சொன்ன நேரத்தை நம்பி வழியில் காத்து நிற்கின்றனர். இயந்திரத்தின் ஓசை சிறிது மாறினாலே குறையை உணரும் செவி இருந்தால்தான் அந்நம்பிக்கையைக் காக்க இயலும். நாயுடுவின் பேருந்துகள் காலந்தவறாமைக்குப் பெயர் பெற்றன. அவருடைய விருப்பம் தொழிலில் புகுந்தபோது பொறுப்பாக மாறியது.

அவர் தொடங்கியன எல்லாம் கைகூடின என்று சொல்வதற்கில்லை. 1937இல் அவருடைய தொழிற்கூடம் மின்மோட்டார் செய்து புகழ் பெற்றது. 1952இல் எளியோரும் வாங்கத்தக்க விலையில் இருவர் அமரும் சிறு கார் ஒன்றை உருவாக்கினார். உரிமம் கிடைக்காமையால் அம்முயற்சி நின்றுபோயிற்று. எனினும் அவர் ஊக்கம் குன்றவில்லை. தாம் கற்ற தொழிலறிவை இளைஞர்க்குப் பயிற்றுவிக்க, 1945இல் கோவையில் தொழிற்கல்வி நிலையம் உருவாகப் பெரிதும் உதவினார்.

தந்தையின் நிலமும் பொருளும் பத்திரத்தின் வழியே மைந்தனைச் சேரும். ஆர்வத்தை எழுதி வைக்கப் பத்திரம் இல்லை. உடன் வாழ்ந்து, பார்த்துப் பழகித்தான் அதனைப் பெறவேண்டும். நாயுடு 1974இல் மறைந்தார். அவர் மகனார் ஜி. டி. கோபால் 2015இல் கோவை அவிநாசி சாலையில் கார் அருங்காட்சியகம் ஒன்றை நிறுவினார். பல நாடுகளில், பல காலங்களில் செய்யப்பட்ட கார்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன.

அங்கு நான் சென்றிருந்த நாளில் ஒருவர் ஒவ்வொரு காரின் முன்னும் நின்று, "இதன் விலை என்ன இருக்கும்?" என்று வியந்துகொண்டிருந்தார். வோக்ஸ்வாகன் காரின் பின்புறம் நின்ற சிறுமி ஒருத்தியோ, "அப்பா, இதற்கு மட்டும் இயந்திரம் ஏன் பின்னால் இருக்கிறது?" என்று கேட்டாள். தந்தை சற்றே சிந்தித்து, "பின் சக்கரங்கள்தாமே வண்டியைத் தள்ளுகின்றன, அம்மா, இயந்திரமும் அங்கேயே இருந்தால், முன்னிருந்து பின்வரை நீண்ட தண்டு ஒன்று தேவையில்லை" என்றார். அவள் உடனே குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். அத்தனை கார்களுக்கும் அன்று உரிய மதிப்பளித்தவள் அச்சிறுமியே என்று எனக்குத் தோன்றியது.

மாணவர்களே! நீங்கள் விரும்பும் பொருள் காராக இருக்கலாம், கடிகாரமாக இருக்கலாம், கைபேசியாகவும் இருக்கலாம். அதனை வாங்கும் வசதி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. அது எவ்வாறு இயங்குகிறது என்று கேட்கும் உரிமையோ எல்லார்க்கும் உண்டு. பரிமாறிப் பணம் சேர்த்த ஓர் இளைஞர் அவ்வுரிமையைப் பயன்படுத்திக்கொண்டார். அதனால் அவர் குடும்பம் மட்டுமன்று, கோவை நாடே பயன் பெற்றது.